சகாயசெல்வி செதுக்கிய கல்

கடியபட்டணத்தில் சிப்பி செதுக்குவதில் சகாயசெல்வியை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாறையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரும் சிப்பியின் முதுகில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் குழாய்கள் ஒட்டியிருக்கும். கடல்புழு தனக்காகக் கட்டிக்கொள்ளும் வீடு அது. அதைச் சுரண்டி எடுத்து சிப்பியின் ஓட்டைப் பளபளவென்று ஆக்கினால்தான் வியாபாரி திரும்பிப் பார்ப்பான். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. புழுக்கூடு கிழித்த தழும்பு இரண்டு கையிலும் உண்டு. நான் அடுத்த வீட்டுக்காரி, பள்ளிக்கூட டீச்சர். இந்த விஷயத்தில் நான் அவள் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியாயம் பேச வருகிறவர்கள் வேறு வீட்டுக்குப் போகலாம்.

அவள் கணவர் அல்போன்ஸ் சிப்பி குளிக்கிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, உளியால் சிப்பியைப் பெயர்த்து வருவார். வீட்டில் அவர் பேசும் பேச்சை விரல்விட்டு எண்ணிவிடலாம். சோறு போடு, துண்டு எங்கே, நாளைக்குக் காற்று இருக்கும். அவ்வளவுதான்.

"வாயில முத்து வச்சிருக்காரு டீச்சர், திறந்தா விழுந்துரும்" என்று செல்வி கேலி செய்வாள். எல்லார் வீட்டிலும் ஆண்கள் அப்படித்தான் என்று அவளும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன வருடம் நந்தனா வந்து அவர்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். திருவட்டாற்றுப் பெண். ஆராய்ச்சி செய்கிறாள். அரியலூர்ப் பக்கம் பல கோடி வருடத்துக்கு முன்னால் கடல் கிடந்ததாம். அந்தக் கடலில் கூட்டமாக வாழ்ந்த புழுக்களின் குழாய்கள் இன்று கல்லாகக் கிடக்கின்றன. நம் பாறைகளில் இப்போது இருப்பது அவற்றின் சொந்தக்காரப் புழுக்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்றாள். அல்போன்ஸ் புழு ஒட்டிய பாறைத்துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே பேசவும் ஆரம்பித்தார். அதுதான் வினை.

"முங்கிப் பாத்தா கல்லே தெரியாது மக்கா. செவப்பும் மஞ்சளுமா ஒரே பூவா நிக்கும். எல்லாம் புழுவுக்க தலைதான். நம்ம கைநிழல் விழுந்தாப் போதும், சட்டுனு உள்ள இழுத்துக்கும்" என்று ஒருநாள் அவளிடம் சொன்னார்.

அடுக்களையில் செல்வி அகப்பையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கையைக் கிழிக்கும் செத்த கூடு. அது பூக்கும் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் என்னிடம் வந்து, "எனக்குப் பொறாமையா இருக்கு டீச்சர்" என்றாள். சுற்றி வளைக்கவே இல்லை. "தப்பா ஒண்ணும் நினைக்கல. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா எனக்க பங்குப் பேச்சையெல்லாம் அவளுக்கு எடுத்து வச்சிருந்திருக்காரு."

அதன் பிறகு நந்தனாவுக்கு மீன்குழம்பில் வால்துண்டுதான் விழுந்தது. குழம்பில் காரம் கூடியது. நனைந்த போர்வைகள் எல்லாம் அவள் ஜன்னலுக்கு முன்னால்தான் காய்ந்தன. அந்தப் பெண் ஒன்றையும் கவனிக்காமல், "அக்கா கை மணம் தனிதான்" என்று சாப்பிட்டாள். செல்விக்கு அது இன்னும் எரிந்தது.

பிறகு அந்தக் கல் வந்தது. அரியலூரிலிருந்து நந்தனா கொண்டுவந்தது, ஒரு கைப்பிடி அளவு. மழையிலும் வெயிலிலும் கிடந்து பொருபொருத்து, நகம் பட்டாலே உதிரும் கல். அதன்மேல் நூல்நூலாகக் குழாய்கள் பின்னிக் கிடந்தன.

"இங்க பாருங்கண்ணா" என்று அல்போன்ஸிடம் காட்டினாள். "தாய்ப்புழு ரெண்டாப் பிரிஞ்சு, பிள்ளைப்புழு தாய்க்க குழாயிலயே தனக்க குழாயை ஒட்டிக் கெட்டியிருக்கு. இப்படிக் கவராப் பிரியுற எடந்தான் எனக்க ஆராய்ச்சிக்கே சாட்சி. வேற எந்தக் கல்லுலயும் இவ்வளவு தெளிவா இல்ல."

அல்போன்ஸ் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செல்வி பக்கத்தில் நின்று இருவருக்கும் தேயிலைத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். நீயும் பாரேன் என்று கல்லை அவள் பக்கம் யாரும் நீட்டவில்லை.

மறுநாள் நந்தனா நாகர்கோவில் போயிருந்தாள். மாடியைப் பெருக்கப் போன செல்வி கத்தியோடு போனாள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சிப்பியைச் செதுக்குவதுபோலவே சுத்தமாகச் செதுக்கி, தூளைப் பெருக்கி அள்ளி, கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் நந்தனா மொட்டைக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வந்தாள். அவள் சத்தமில்லாமல் அழுவதைப் பார்த்து நானும் வேலியோரம் போய் நின்றேன். அல்போன்ஸ்தான் முந்திக்கொண்டார்.

"அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் மக்கா? சிப்பி செதுக்குற கை. புழுவக் கண்டா கத்தி தானாப் போயிரும். பாவம், விட்டுரு."

நந்தனாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். கைப்பழக்கம் என்றால் யார் நம்பமாட்டார்கள்? செல்வி வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மாதாவே, இவள் பேசாமல் இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஆனால் அந்தப் 'பாவம்' அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தெரியும்" என்றாள். "தாயும் பிள்ளையும் பிரியுற எடம்னு நீ சொன்னப்ப நான் பக்கத்துலதான நின்னேன். தெரிஞ்சுதான் செதுக்கினேன். முதல்ல அந்த எடத்தத்தான் செதுக்கினேன்."

நந்தனா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மாடிக்குப் போனாள். மறுநாளே அறையைக் காலி செய்தாள். மூன்று மாதம் கழித்து, வேறொரு கல் கிடைத்தது, அந்த அளவுக்குத் தெளிவில்லை என்று எனக்குப் போனில் சொன்னாள். செல்வியைப் பற்றி விசாரிக்கவில்லை. அதற்காக நந்தனாவை நான் குறைசொல்ல மாட்டேன்.

அன்றைக்கு நந்தனா மாடியேறியதும் நானும் வீட்டுக்குள் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைச் செல்விதான் சொன்னாள்.

அல்போன்ஸ் கோபப்படவில்லையாம். "ஏன்ட்டி?" என்று மட்டும் கேட்டாராம்.

"புழு பூக்கும்னு இருபத்திரண்டு வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியளா?"

அவர், "முங்கிப் பாத்தா..." என்று ஆரம்பித்திருக்கிறார்.

"அது அவளுக்குச் சொன்னது. எனக்கு வேண்டாம். அவளுக்குச் சொல்லாதது ஏதாவது இருந்தா சொல்லுங்க."

எழுந்து போய்விடுவார் என்றுதான் செல்வி நினைத்தாள்.

"ரெண்டு வருசமா எனக்கு மூச்சு எட்டலட்டி" என்றாராம். "ஆழத்துப் பாறையத் தொடுறதுக்கு முன்னாடியே நெஞ்சு அடைச்சு ஏறி வந்துருதேன். அந்தப் பிள்ளைக்குக் குடுத்த புழுவெல்லாம் எங்கூட சிப்பி குளிக்க வார ஜெனின் முங்கி எடுத்தது. நான் பூவப் பாத்ததெல்லாம் பழைய கதை."

"அவளுக்கு இது தெரியுமா?"

"ஜெனினத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

இதை என்னிடம் சொல்லும்போது செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவளுக்குத் தெரியாதுன்னதும் எனக்கு முதல்ல வந்தது சந்தோசம் டீச்சர்" என்றாள். "முங்கின மனுசன் ஏறி வருவாரான்னு பயம் வந்தது அதுக்குப் பெறகுதான்."