பருப்பு வேகாத குழாய்த் தண்ணீர்

போடியில் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தபோது அதில் முதல் வாய் தண்ணீர் குடித்தவன் நான்தான். இது பொய். முதலில் குடித்தது ஒரு எருமை. ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு அது பாட்டுக்கு நடந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் கையை ஏந்தி வயிறு முட்டக் குடித்துவிட்டு, "எளநி மாதிரி இருக்கு" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். எருமைக்கு இருந்த நாக்கு எனக்கு இல்லை.

ஐம்பதுகளின் நடுவில் அது, எனக்குக் கல்யாணமான புதிது. ஏலக்காய் வாங்கி விற்கிற கடை ஒன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போனதில்லை. மூட்டை மேல் மையால் போட்டிருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டினேன். அதனால் இன்றைக்கும் என் எழுத்து ஒவ்வொன்றும் மூட்டை அளவு இருக்கும்.

என் வீட்டுக்காரி மலையில் பிறந்தவள். அவள் அப்பா ஏலத் தோட்டத்தில், காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்த்தார். இவளும் சின்னதிலிருந்து அங்கேதான் காய் பொறுக்கினாள். சோலைக்குள்ளிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவளை நான் குழாயடியில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏதோ கிணற்றுத் தண்ணீரை ஏற்றிக் குழாயில் விட்டார்கள். பார்க்கப் பளிங்குதான். ஆனால் சோப்பு நுரைக்காது, திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக மிதக்கும். தலைக்கு ஊற்றினால் முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் வைத்த பாத்திரத்துக்குள் வெள்ளையாகப் படியும். "இதச் சொரண்டுனா வெத்தலைக்குச் சுண்ணாம்பு வாங்க வேண்டியதில்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"இந்த வெள்ளம் கொள்ளாது" என்றாள். தண்ணீர் நன்றாக இல்லை என்பதை மலையில் மலையாளம் கலந்து அப்படித்தான் சொல்வார்கள்.

இவ்வளவையும் பொறுத்தவள் பருப்பை மட்டும் பொறுக்கவில்லை. காலையில் அடுப்பேறிய துவரம்பருப்பு மத்தியானம் வரை கொதிக்கும், வேகாது. நான் பல்லில் நறநறவென்று மென்றுகொண்டே நல்லாருக்கு என்பேன். இளநீர் என்று சொன்ன அதே வாய்.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா சந்தைக்கு இறங்குவதாகவும், அப்படியே மகள் வீட்டில் சாப்பிட வருவதாகவும் சொல்லி அனுப்பினார். கட்டிக் கொடுத்த பிறகு மகள் வீட்டில் அவருக்கு முதல் சாப்பாடு. முதல் பிடிக்குப் பருப்பும் நெய்யும்தான் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதில் மாற்றமே கிடையாது.

"வேகாத பருப்ப எங்கப்பா எலையில வைக்க மாட்டேன். அவரு வரட்டும். அவரு கூடவே நானும் மலைக்குப் போறேன்" என்றாள்.

"எத்தன நாளைக்கு?"

"இங்க பருப்பு வேகுற வரைக்கும்."

சொன்னதோடு விடவில்லை. சேலை துணிமணியை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்தாள். மூட்டை தூக்கிப் பிழைக்கிற எனக்கு அந்தச் சின்ன மூட்டையைப் பார்த்துத்தான் முதுகு வலித்தது.

அதற்கப்புறம் எனக்கு உட்கார முடியவில்லை. ஆப்பச் சோடா போட்டால் வேகும் என்றார்கள். போட்டேன். வெந்தது, ஆனால் சோப்பைத் தின்ற மாதிரி இருந்தது. ஆற்றுக்கு ஓடினேன். கோடையில் அது மணலாகக் கிடந்தது. கடைசியில், மலையிலிருந்து காய் ஏற்றி வரும் ஜீப்பு டிரைவரைப் பிடித்தேன்.

"அண்ணே, மேல இருந்து ஒரு டின்னு ஓடத் தண்ணி கொண்டாந்துருங்க."

"ஏன்டா மாப்ளே, பொண்டாட்டிய வீட்ல நிறுத்தி வைக்கத் தண்ணி லோடு அடிக்கிற மொத ஆளு நீதான்டா."

"சிரிக்காதீங்கண்ணே. மூட்டையே கட்டிட்டா."

"சரி, டின்னக் குடு."

மண்ணெண்ணெய் டின்னைக் கொடுத்தால் நாறும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. கடையில் மூடி போட்ட பெரிய தகர டின் ஒன்று காலியாகக் கிடந்தது. தலையை உள்ளே விட்டு மோந்தேன். வாசமே இல்லை. கூட மூட்டை தூக்குகிறவனை மோந்து பார்க்கச் சொன்னேன். "சுத்தமா இருக்குண்ணே" என்றான். டிரைவரும் மோந்துவிட்டு, "புது டின்னு மாதிரில்ல இருக்கு" என்றார்.

நாங்கள் மூன்று பேருமே பொழுதுக்கும் ஏலக்காய்த் தூசிக்குள் கிடக்கிறவர்கள். அந்த டின்னோ வருசக்கணக்காக நயம் காய் அடைத்து வைத்த டின்.

சந்தையன்று காலையில் தண்ணீர் வந்து சேர்ந்தது. உலை வைத்தாள். நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். "குட்டி போட்ட பூனையாட்டம் ஏன் சுத்துறீங்க, ஒரு எடத்துல இருங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் பருப்பு பூவாக மலர்ந்துவிட்டது. விரலால் தொட்டால் மசிந்தது. நான் ஒரு குதி குதித்தேன். அவள் குனிந்து ஆவியை மோந்தவள், அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது என்ன வாசம்?"

"பருப்பு வாசம்."

"எந்த டின்னுல கொண்டாந்தீங்க?"

சொன்னேன். "எந்த ஏலக்கா வாசச் சனியனுக்குத் தப்பிச்சு மலைய விட்டு எறங்குனேனோ, அதயே பருப்புல கொண்டாந்து போட்டாச்சு" என்று கரண்டியை வைத்தாள். வேறு தண்ணீர் இல்லை, வேறு பருப்பு வேக வைக்க நேரமும் இல்லை. வாசலில் மாமனார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இலை போட்டு, பருப்பை வைத்து, நெய்யை ஊற்றினாள். அவர் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டார். மெல்வதை நிறுத்தினார். இலையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தார்.

"மாப்ளே" என்றார். "ஸ்டோர விட்டு ஒரு நாளாச்சும் வேற வாசத்துல சோறு திங்கலாம்னுதான் எறங்கி வந்தேன்."

பிறகு மகள் பக்கம் திரும்பி, "ஏத்தா, அந்த மூட்டைய..." என்று ஆரம்பித்தார். அவர் என்ன சொன்னார் என்றால்,

"இங்கேருங்க. இத்தன வருசத்துல எங்கப்பா சொன்னத நீங்க ஒழுங்காச் சொன்னதே இல்ல, நானே சொல்றேன். மொதல்ல வெரசா கொடத்தக் கொண்டாங்க, கொழாயில தண்ணி வந்துருச்சு."

வர்றேன், வர்றேன்.