பரண் ஃபேனும் அத்தையின் அகல்விளக்கும்

வெயில் ஏறி பதினோரு மணி ஆனால் போதும், எங்கள் வீட்டுக் கூரை 'டக், டக்' என்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். யாரோ மேலே உட்கார்ந்து சின்னக் கல்லால் தட்டுவது போல இருக்கும். ஆனால் மேலே யாரும் இல்லை, சிமெண்ட் சீட்டு வெயிலில் காய்ந்து விரிகிற சத்தம்தான் அது. சத்தத்தோடு கூடவே ஒரு வாசனையும் கீழே இறங்கும். சூடான சுண்ணாம்பும் பழைய மூங்கிலும் தூசியும் கலந்த அந்த வாசனையை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருக்கும்.

பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு இருந்தது. ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டு அப்பா சீட்டுப் போட்ட பிறகு தெருவில் எல்லோரும் அதை 'சீட்டு வூடு' என்றார்கள். மழைக்கு ஒழுகாது, தீப்பிடிக்காது என்று பெருமையாகப் போட்ட சீட்டு, வெயில் காலத்தில் எங்களை அடுப்பில் வைத்த அப்பளம் மாதிரி ஆக்கியது. சூடு நேராக இறங்காமல் இருக்க அப்பா சீட்டுக்குக் கீழே மூங்கில் பாயை விரித்துக் கட்டினார். பாய்க்கும் சீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம் இருந்தது. அதைப் பரண் என்போம். பகலெல்லாம் சூடு அந்தப் பரணில் போய் அடைந்துகொள்ளும். பிறகு சாயங்காலம் வரைக்கும் பாயின் சந்துகள் வழியாக மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் வருடக் கோடை என்றால், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நாடே அறிந்த வேறொரு நினைவு வரும். நான் சொல்லப்போவது அதற்குக் கொஞ்சம் முந்தி, சித்திரை மாதத்தில், எங்கள் வீட்டுக்குள் நடந்தது. அப்போது எனக்கு ஐந்தாம் வகுப்பு முடிந்து லீவு விட்டிருந்தார்கள். அந்த மாதம்தான் என் தங்கச்சி மேகலா பிறந்தாள். அம்மாவுக்குத் தாய் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் சீட்டு வீட்டுக்கே பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை பெற்ற அம்மாவுக்குத் துணையாக வாலாஜாபாத்திலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒரு துணிப் பையும் ஒரு அகல்விளக்குமாக வந்து இறங்கினார்.

அத்தை வந்ததும் செய்த முதல் வேலை, ஜன்னலைச் சாத்தியதுதான். அடுத்தது வாசல் கதவு, பிறகு பின்கதவு. கதவுக்கு அடியில் இருந்த சந்தில் பழைய புடவையைச் சுருட்டி அடைத்தார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே மேசை ஃபேனை எடுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். "பச்சை உடம்பு, பச்சைப் புள்ள. மேல காத்து பட்டா ஜன்னி கண்டுடும்" என்றார். விட்டத்தில் கட்டியிருந்த தூளிக்குச் சற்றுத் தள்ளி, கவிழ்த்து வைத்த அரிசிப் படியின் மேல் தன் அகல்விளக்கை ஏற்றி வைத்தார். "இந்த வெளக்கு ஆடுச்சின்னா காத்து வருதுன்னு அர்த்தம். ஆடாம கீதான்னு பார்த்துக்கினே இரு" என்று எனக்கு உத்தரவு போட்டார்.

அத்தையைக் கல்மனசுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. அவருடைய தலைப்பிள்ளை ஒரு மழைக்கால விடியற்காலையில், குளிர்ந்த காற்று அடித்த பிறகு காய்ச்சல் கண்டு போய்விட்டதாம். இதை அம்மா பிற்பாடுதான் எனக்குச் சொன்னார். காற்று என்றாலே அத்தைக்கு அந்த விடியற்காலைதான்.

ஆனால் இங்கே மழையும் இல்லை, குளிரும் இல்லை. கத்திரி வெயில் வருவதற்கு முன்னாலேயே அந்த வருடம் கொளுத்தியது. பிள்ளையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து போனது. முதலில் வீரிட்டு அழுதவள், பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினாள். பால் குடிக்க வாய் வைத்தவள் அப்படியே கண் சொருகினாள். உடம்பு கொதித்தது. கூரை மேல் தென்னங்கீற்றுப் பரப்பிப் பார்த்தோம். தண்ணீர் ஊற்றலாம் என்றால் கிணற்றில் குடிக்கவே மண்டித் தண்ணீர்தான் இருந்தது.

ஊர் ஊராக வருகிற நர்சம்மா வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். உச்சிக்குழியைத் தடவினார். அது உள்ளே குழிந்திருந்தது.

"கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போச்சு?"

அம்மா யோசித்தார். காலையிலிருந்து துணி மாற்றவே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

"இது நோய் இல்ல, சூடு" என்றார் நர்சம்மா. "பாலை விடாம குடுத்துக்கினே இருங்க. ரூமை ஆத்துங்க. புள்ள நல்லா ஒண்ணுக்குப் போனா பயம் இல்ல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இப்படியே இருந்தா தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்."

அவர் போனதும் அப்பா ஜன்னல் பக்கம் நடந்தார். அத்தை எழுந்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார். "என்னை வெளிய தள்ளிட்டுத் தொறந்துக்கோ" என்றார். தன்னைத் தூக்கி வளர்த்த அக்காவிடம் அப்பா குரலை உயர்த்தியதே இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வந்தபோது கேரியரில் ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டியிருந்தது. அப்பா வேலை செய்த இரும்புப் பட்டறையில் உலைப் புகையை வெளியே தள்ள வைத்திருந்தது அது. புதிது மாட்டிய பிறகு மூலையில் கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். இறக்கைகளில் ஒரு விரல் கனத்துக்குக் கரி.

"இன்னாடா இது?" என்றார் அத்தை.

"ஃபேன்க்கா. கீழ ஒரு காத்தும் வராது. பரண்ல அடைஞ்சிருக்கிற சூட்டை மட்டும் இழுத்து வெளிய தள்ளும்."

"காத்து வராத ஃபேனா? எந்த ஊர்லடா விக்கிறான் அதை?"

ஆனாலும், கீழே காற்று வராது என்ற ஒரு சொல்லுக்காக அத்தை தடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அப்பா வேலைக்குப் போகாமல் ஏணி போட்டு ஏறினார். பக்கச் சுவர் கூரையோடு சேரும் இடத்தில், முக்கோணமாக இருந்த பகுதியில் உளி வைத்துச் செங்கல்லைப் பெயர்த்தார். அந்த ஓட்டையில் மரச்சட்டம் வைத்து, போல்ட் போட்டு ஃபேனை முடுக்கினார். சுவர் அதிராமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபை வட்டம் வட்டமாக வெட்டி போல்ட்டுக்கு அடியில் கொடுத்தார். அணில் நுழையாமல் இருக்க வெளிப்பக்கம் கம்பிவலை அடித்தார். தூளிக்கு எதிர் மூலையில் மூங்கில் பாயை ஒரு சதுரமாக அறுத்து, அறையின் சூடு மேலே ஏற வழியும் செய்தார்.

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் மாமா வேப்பங்குச்சியை மென்றபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்பா மாசிலாமணி, ஃபேனைத் திருப்பி மாட்டிக்கினு கீறியே. காத்து எங்க வூட்டுக்கில்ல வரும்?"

"வரட்டும் மாமா, உங்களுக்கும் கொஞ்சம்."

"காத்தா வந்தா பரவால்ல. அனலா வருமே. என் வேட்டியைக் காயப்போட்டுக்கிறேன் வுடு."

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் ஒரு முறை இருமி, கரித்தூளை வெளியே துப்பிவிட்டு, 'கும்' என்று சுற்ற ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் மேலே மூங்கில் பாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் என் கண் எரிந்தது. அம்மா இருமினார். சமையல்கட்டில் வெந்நீருக்காக எரிந்துகொண்டிருந்த விறகடுப்பின் புகை, எப்போதும் புகைக்கூண்டு வழியாகப் போவது, அன்றைக்குத் திரும்பி வாசற்படியைத் தாண்டி அறைக்குள் வந்தது. தூளியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. பிள்ளை இருமியது. அந்தப் பிஞ்சு இருமலை நான் இன்னும் மறக்கவில்லை.

"நிறுத்துடா" என்றார் அத்தை. "சூடு போதாதுன்னு புகையும் புடிச்சிக் குடுக்கிறியா புள்ளைக்கு?"

அப்பா ஃபேனை நிறுத்திவிட்டு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். கையெல்லாம் செங்கல் தூள். வெளியே கூரை 'டக், டக்' என்று தட்ட ஆரம்பித்திருந்தது. நர்சம்மா சொன்ன மத்தியானம் வந்துகொண்டிருந்தது. தூளித் துணிக்குள் அம்மா கையை விட்டுப் பார்த்தார். இன்னும் காய்ந்தே இருந்தது.

அதுவரைக்கும் கோரைப் பாயில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மாதான் மெதுவாகப் பேசினார். "அண்ணி, கோவிச்சிக்காதீங்க. அது வெளிய தள்ளணும்னா எங்கியாவது இருந்து உள்ள வரணும் இல்ல? ஜன்னலையும் சாத்திட்டோம், கதவையும் அடைச்சிட்டோம். வேற வழி இல்லாம அது என் அடுப்புல இருந்து இழுக்குது. பின்கதவை மட்டும் தொறந்து பார்க்கலாம். தூளிக்கும் அதுக்கும் தூரம் நெறைய கீது."

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். பட்டறையில் வாசலும் ஜன்னலும் எந்நேரமும் திறந்தே கிடக்கும். அதனால் இந்த விஷயம் அவருக்குத் தோன்றவே இல்லை.

அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு குனிந்து, தான் அடைத்து வைத்த புடவைச் சுருளைத் தானே உருவினார். "வெளக்கு சொல்லட்டும்" என்றார்.

பின்கதவு முருங்கை மரத்து நிழலைப் பார்த்தது. அப்பா ஒரு கோணிப்பையைக் கிணற்றின் மண்டித் தண்ணீரில் நனைத்துக் கதவு நிலையில் தொங்கவிட்டார். அடுப்பை அணைத்துச் சமையல்கட்டுக் கதவைச் சாத்தினார். ஃபேன் மறுபடி சுற்றியது. அத்தை அகல்விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் கோணியின் அருகே போய் நின்றார். சுடர் அப்படியே சாய்ந்து படபடத்தது. அத்தையின் முகம் இறுகியது. ஓர் அடி உள்ளே வந்தார். சுடர் ஆடியது. இன்னும் கொஞ்சம் வந்தார். ஆட்டம் குறைந்தது. அப்பாவும் நானும் மூச்சுவிட்டால் சுடர் ஆடிவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். தூளிக்குப் பக்கத்தில் வந்து விளக்கை மறுபடி அந்த அரிசிப் படியின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். சுடர் ஒரு முறை நெளிந்தது. பிறகு நேராக நின்றது.

அத்தை அதை நம்பாமல் நெடுநேரம் பார்த்தார். தன் முந்தானையைத் தூளியின் மேலே பிடித்துப் பார்த்தார். அதுவும் அசையவில்லை. ஆனால் நனைந்த கோணியின் மண்வாசனை அதற்குள் அறை முழுவதும் வந்திருந்தது. தலைக்கு மேலே எப்போதும் உட்கார்ந்திருக்கும் அந்த அனல் இல்லை.

"இப்ப சரி" என்றார் அத்தை.

அம்மா பிள்ளையை எடுத்துப் பால் கொடுத்தார். இந்த முறை அவள் கண் சொருகவில்லை. 'சப் சப்' என்று சத்தம் கேட்டது. குடித்து முடித்ததும் தூளியில் போட்டார்கள். நான் விளக்கைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கூரை மேலே தட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அன்றைக்கு அது எங்களைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் போனதும் தரையில் 'சொட்' என்று ஒரு சத்தம். இன்னொன்று. தூளியின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, சாணி மெழுகிய தரையில் வட்டமாக நனைந்தது.

அத்தை அதைப் பார்த்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். "டேய் மாசிலாமணி, மழை பேஞ்சிடுச்சுடா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏணியைத் தூக்கிக்கொண்டிருந்த அப்பா அதை அங்கேயே சாய்த்துவிட்டு வந்து, ஈரத் தரையைக் கையால் தொட்டுப் பார்த்தார். நர்சம்மா மத்தியானம் வந்து உச்சிக்குழியைத் தடவினார். ஆஸ்பத்திரி வேண்டாம், பாலை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லி மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். கன்னியப்பன் மாமா வீட்டில் அந்தக் கோடை முழுவதும் எங்கள் ஃபேன் தள்ளிய அனலில் வெங்காய வடகம் காய்ந்தது. எங்களுக்கும் ஒரு பங்கு வந்தது.

இப்போது அந்தத் தெருவில் ஒரு சீட்டு வீடும் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் கம்பெனிகள் வந்து, ஷிப்ட் பஸ் தெரு முனை வரைக்கும் வருகிறது. அந்தச் சீட்டு உடம்புக்கே ஆகாது என்று பிற்பாடு தெரிந்ததும் கழற்றிவிட்டுத் தளம் போட்டோம். பரண் போனது, மூங்கில் பாய் போனது, ஃபேன் காயலான் கடைக்குப் போனது. அத்தையும் போய்விட்டார். 'டக், டக்' சத்தம் போனதில் மட்டும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

போன சித்திரையில் மேகலா தன் பிள்ளையை இந்த வீட்டுக்குத்தான் கொண்டுவந்தாள். அறையில் ஏசி ஓடியது. அம்மா அலமாரியிலிருந்து அத்தையின் அகல்விளக்கை எடுத்து ஏற்றி, தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். சுடர் சாய்ந்தது. "அந்த இலையை மேல தூக்கு" என்றார் என்னிடம், ஏசியில் காற்று வரும் தகட்டைக் காட்டி. தூக்கினேன். சுடர் நெளிந்து நிமிர்ந்தது.

"இப்ப சரி" என்றார் அம்மா. இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு டயப்பர் கட்டிவிடுவதால் எந்தத் தொட்டிலும் சொட்டுவதில்லை. அதனால் அம்மா குனிந்து, டயப்பர் ஓரத்தில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மேகலாவைப் பார்த்துச் சிரித்தார்.

"மழை பேஞ்சிருக்குது. மாத்து."