ஊசிவால் வாத்தும் ஒரு மனுவும்

அதியமான்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரிக்கு, ஐப்பசி பிறந்துவிட்டால் ஞாயிறுதோறும் விடியலில் போய்விடுவேன். ஸ்கூட்டி, பைனாகுலர், ஒரு பாட்டில் தண்ணீர். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் மனிதர்களோடு மாரடிக்கிறேன். ஒரு நாளாவது வாத்துகளைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கலாம் என்றுதான். அதற்கும் ஒருவர் வந்து வாய்த்தார்.

அந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர். ஐம்பது வயதிருக்கும். மீன்குஞ்சு விட்ட மாதத்தில் நீர்க்காகங்கள் கூட்டமாக இறங்கி விழுங்கும் என்பதால், விடிந்ததும் கரையில் நின்று பட்டாசு வெடிப்பார். நீர்க்காகம் போகும்; எங்கிருந்தோ பறந்து வந்து அப்போதுதான் இறங்கிய ஊசிவால் வாத்துகளும் கூடவே போகும். அந்த வாத்துகள் மீன் பக்கமே போவதில்லை. தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ந்து விதையையும் பாசியையும் தின்னும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இந்த வாத்து மீனே திங்காதுங்க. ஒரு மணி நேரம் வெடிக்காம இருந்தா என்னங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீங்க பாக்கறதுக்கு வர்றீங்க டீச்சர். நீர்க்காக்கா திங்கறதுக்கு வருது. வூட்டுல டிவி இருக்குமில்ல, அதுல பாருங்க" என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கம் சண்டை என்றால் நேரில் பேசித் தீர்ப்பதில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்போம். வரப்புத் தகராறுக்கும் மனு, பக்கத்து வீட்டுக் கோழிக்கும் மனு. நானும் கொடுத்தேன். இரண்டு பக்கம், முத்து முத்தான கையெழுத்தில். ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து விசாரித்து, இனி பட்டாசு வெடிக்க மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். நல்லா வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு குரூர சந்தோஷம். மீன்குஞ்சை அவர் வேறு எப்படிக் காப்பாற்றுவார் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஏரி அமைதியாக இருந்தது. குஞ்சு விட்டிருந்த ஆழமில்லாத மூலையில் வரிசையாகக் கம்பு நட்டு, தண்ணீருக்கு மேலே நைலான் வலையை இழுத்துக் கட்டியிருந்தார். கிட்டே போனால்தான் கண்ணுக்குத் தெரிகிற மெல்லிய வலை. அதில் ஓர் ஊசிவால் வாத்து தொங்கிக்கொண்டிருந்தது. செருப்போடு சேற்றில் இறங்கினேன். நைலான் இழை இறக்கையை அறுத்து உள்ளே போயிருந்தது. உயிர் இருந்தது. நான் பிரிக்கப் பிரிக்க இன்னும் சுற்றிக்கொண்டது.

அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"நீங்கல்லாம் மனுஷன்தானா? இது மீன் திங்காதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே."

"வலைக்கு அது தெரியுங்களா டீச்சர்? என் வெடிக்கு ஒரு றெக்கை ஒடிஞ்சிருக்குமா? அது வேணாம்னு எழுதிக் குடுத்தது நீங்கதான். வேற என்னா பண்ணுவன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார். வாங்கி இழைகளை அறுத்தேன். வாத்து என் கையில் இரண்டு முறை உதறிவிட்டு அடங்கிப் போனது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஆள் முன்னால் அழுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"வலைய இன்னிக்கே அவுத்துடறேன். நாளையிலருந்து வெடி போடட்டுங்களா, வேணாமா? நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஏரியின் நடுவே இருபது முப்பது ஊசிவால்கள் மேய்ந்துகொண்டிருந்தன. முதல் வெடிக்கே எல்லாம் கிளம்பிவிடும், இந்த வருஷம் திரும்பாது என்று எனக்குத் தெரியும்.

"போட்டுத் தொலைங்க" என்றேன்.