அப்பா கொடுக்காத திருவிருந்து

எங்கள் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. அவரால் சபைகள் வளர்ந்தன என்று பலர் புகழ்ந்தபோதெல்லாம் அவர் தலைகுனிந்தே நின்றார். அதன் காரணத்தை அவரே பிரசங்க பீடத்தில் சொல்லியிருக்கிறார். ஆகையால் மகளாகிய நானும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா நீர்வேலியில், வாழைத்தோட்டம் செய்த சைவக் குடும்பத்தில் பிறந்தவர். ஊருக்கு வந்த மெதடிஸ்தப் பிரசங்கியார் ஒருவரைக் கேட்டுக் கிறிஸ்தவரானார். வீட்டார் அவரோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஐம்பதுகளின் பிற்பகுதியில் உபதேசியாராகி, வடகரைக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போய்ப் பிரசங்கித்தார். ஆனால் போதகராகக் குருப்பட்டம் பெறாதவர், கிறிஸ்துவை நினைந்து அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தைக் கொடுக்க முடியாது. மெதடிஸ்த சபை ஆதியிலும் அப்படியே வளர்ந்தது என்பார்: குதிரையேறி ஊரூராகப் போன பிரசங்கிமார் பலர், குருமார் சிலர்.

கரையோரக் கிராமமொன்றில் முதலில் சபையில் சேர்ந்தவர் பூரணம் அக்கா. அவருடைய முற்றத்தில்தான் ஆராதனை நடந்தது. ஒரு மாரிமழைக் காலத்தில் கடுங்காய்ச்சலில் கிடந்த அவர் அப்பாவை அழைப்பித்தார்.

“தம்பி, எனக்குத் திருவிருந்து தாருங்கோ. நான் இனி எழும்பமாட்டன்.”

“எனக்கு அந்த அதிகாரம் இல்லை அக்கா. போதகரைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

சைவராகவே இருந்த அவருடைய கணவர் கந்தையா, அப்பாவின் கையைப் பிடித்தார். “போதகர் வருமட்டும் இவ தாங்கமாட்டா. நீங்களே குடுங்கோ. ஆர் கேக்கப்போகினம்?”

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தெருவெல்லாம் வெள்ளம். மறுநாள் போதகரோடு திரும்பியபோது அக்கா இறந்துபோயிருந்தார்.

“ஒரு துண்டு பாண்தானே கேட்டவ,” என்றார் கந்தையா. “நீங்கள் சட்டத்தைக் காப்பாத்திப்போட்டியள்.”

சில ஆண்டுகளில் அப்பாவுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. முதல் வேலையாகக் கந்தையா வீட்டுக்குத்தான் போனார். “கேட்டவ இப்ப இல்லை, ஐயா,” என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா பணிசெய்த இடங்களில் ஆலயங்கள் எழும்பின. பாராட்டுக் கூட்டங்களில் அவர் இந்தக் கதையையே சொன்னார். நாங்கள் வெட்கிப்போவோம்.

“ஏன் அதையே திரும்பத் திரும்பக் கதைக்கிறியள்?” என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

“சட்டத்துக்கு மட்டும் பயந்தனான் எண்டால் பரவாயில்லை,” என்றார் அப்பா. “விசயம் வெளியிலை வந்தால் குருப்பட்டம் கிடையாது எண்டுதான் முதலிலை யோசிச்சனான்.”

ஓய்வுபெற்று வட்டுக்கோட்டையில் இருந்தபோது பாரிசவாதம் அவரைப் படுக்கையில் கிடத்தியது. படுத்த இரண்டாம் மாரியில் அமைதியாகக் கண்மூடினார்.

அடக்கத்தன்று முதிர்ந்து தளர்ந்த கந்தையா எங்கள் வாசற்படலையில் வந்து நின்றார். அவரை உள்ளே அழைக்க எங்களுக்கு வாய் எழவில்லை. அவராகவே வந்து பெட்டியருகில் உட்கார்ந்தார்.

“படுக்கையிலை விழுமட்டும், ஒவ்வொரு மாரிக்கும் மனுசன் எங்கடை வாசலுக்கு வந்து நிண்டவர்,” என்றார். “ஒருநாளும் நான் உள்ளை வாங்கோ எண்டு சொல்லேல்லை.”

இது எங்களில் எவருக்கும் தெரியாது.

அப்பாவைப் பராமரித்த மருத்துவர், தாதியர், செபித்த சபையார், துயரில் உடனிருந்த உறவினர், அயலவர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நாங்கள் மறுக்க மறுக்கப் பெட்டிக்குத் தோள்கொடுத்து மயானம்வரை நடந்த கந்தையா அவர்களுக்கு என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.