பல்லால் கேட்ட சத்தம்

பொகவந்தலாவைக் குளிரில் போர்வைக்குள் இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கலாம் என்று நினைப்பவர்களை முத்துலிங்கத்தின் கார் விடுவதில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து ஒரு கடகடப்பு கிளம்பும். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு யாரோ ஆத்திரத்தோடு குலுக்குவதுபோல இருக்கும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் நாய்கள் எழுந்து, இடம் மாறிப் படுக்கும். கடைசி வீட்டுக் காம்பராவில் கைக்குழந்தை வீரிடும். அந்தச் சத்தம் கேட்காதவர் லயத்தில் ஒரே ஒருவர்தான். சாவியைத் திருப்பியவர்.

மீசை முளைத்தும் முளைக்காத வயதிலேயே முத்துலிங்கம் ஸ்டோருக்கு வேலைக்குப் போய்விட்டார். தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். வாடிய கொழுந்தைத் தேய்த்துச் சுருட்டும் ரோலர் அறையில் அவரை விட்டார்கள். ஆளைவிட உயரமான இயந்திரங்கள் வரிசையாக நின்று இடுப்பைச் சுழற்றிச் சுழற்றி ஆடுவதை முதல் நாள் பார்த்தவர், கும்பிடலாமா, ஓடலாமா என்று தெரியாமல் நின்றார். இரண்டும் செய்யாமல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டார். உள்ளே கத்தினாலும் கேட்காது என்பதால் எல்லாம் கைப்பேச்சுதான். உள்ளங்கையை ஒரு ரோலரின் மேல் வைத்தால் போதும், எந்த பெயாரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இயந்திரங்கள் அதற்கு ஈடாகக் காதை எடுத்துக்கொண்டன. ஒரே நாளில் அல்ல. முதலில் இராப்பூச்சிகள் போயின. பிறகு கேத்தல் கொதிக்கும் ஓசை. பிறகு மழை. தகரக் கூரைக்குக் கீழே வாழ்கிறவருக்கு மழை கேட்காமல் போவது லேசான விஷயமில்லை. ஆனால் அவர் மழைதான் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். காலநிலை மாறுகிறது என்று டிவியில்கூட எழுதிக் காட்டினார்கள். உண்மை பிடிபட்டபோது, அதை மறைக்க அவர் கண்டுபிடித்த வழி பேச்சு. நாம் பேசிக்கொண்டே இருந்தால் மற்றவர் பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை அல்லவா? தோட்டத்திலேயே பெரிய வாயாடி என்று பெயர் எடுத்தவர், உண்மையில் ஊரிலேயே தனிமையான மனிதர்.

ஓய்வுக்குப் பிறகு சேமலாப நிதிக் காசில் எல்லோரும் வீடு கட்டினார்கள். அவர் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். காலையில் பஸாரிலிருந்து மூன்று ஆசிரியைகளை தோட்டத்து மேல் டிவிசன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவார், பகலில் திரும்பக் கூட்டிவருவார். அந்தப் பாதையில் வளைவுக்குப் பின்னால் வளைவு. மற்ற டிரைவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், எதிரில் பதில் வருகிறதா என்று காது கொடுப்பார்கள், பறப்பார்கள். முத்துலிங்கமும் ஹோர்ன் அடிப்பார். ஆனால் நிறுத்திவிடுவார். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்து, எதிரில் ஒன்றும் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகே நகருவார். காது கேட்கிறவர்கள் காதை நம்பி ஒருவரையொருவர் உரசிக்கொண்டார்கள். ஒரு கீறல்கூட விழாத வாகனம் செவிடர் ஓட்டியதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட வாசலில் இறங்கிய லோஜினி டீச்சர் உள்ளே போகாமல் அவருடைய ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார்.

"மாமா, காரு முந்தி காலையில மட்டுந்தான் சத்தம் போட்டுச்சு. இப்ப சூடானப்புறமும் போடுது."

"பழைய காருன்னா கொஞ்சம் பேசத்தான் செய்யும் டீச்சர். நானே எவ்வளவு பேசுறேன்!"

"நீங்க பேசினா காரு நிக்காது மாமா. அது பேசினா நின்னுரும். எங்க அண்ணன் காரு இப்படித்தான் பேசிப் பேசி, ஏத்தத்துல பட்டுன்னு நின்னுருச்சு. பிரேக்கும் கல்லு மாதிரி இறுகிருச்சாம். பள்ளத்துல போகாதது சாமி புண்ணியம். திங்கக்கெழமையில இருந்து நாங்க பஸ்ஸுல போறோம். கராஜ் பாஸுகிட்ட காட்டிச் சரி பண்ணிட்டுச் சொல்லுங்க."

டீச்சர் சொன்னதில் பாதியை முத்துலிங்கம் அவர் உதட்டிலும் மீதியை மற்ற இரு டீச்சர்களின் முகத்திலும் படித்துக்கொண்டார். அவருக்குப் பயம் வந்தது. செலவை நினைத்து அல்ல. கராஜுக்குப் போனால் சத்தம் எப்படி இருக்கிறது, எப்போது வருகிறது என்று கேட்பார்கள். நோயாளியைக் கூட்டிப்போகிறவர் எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டாமா? ஊரே கேட்கும் சத்தம் தனக்குக் கேட்கவில்லை என்று அங்கே வெளிப்பட்டால், அந்த வளைவுகளில் அவரை நம்பி இனி யார் ஏறுவார்கள்?

சாயந்தரம் மனைவி மீனம்மாவிடம் கோபக்காரர் மாதிரிப் பேசிப் பார்த்தார். "காரு சத்தம் போடுதாம், சத்தம்! ஒனக்கு ஏதாச்சும் கேட்குதா?"

மீனம்மா காலியான பால்மா டின்னில் ஒரு பிடி காய்ந்த கடலையைப் போட்டு, மூடி, அவர் கையில் கொடுத்தாள். பிறகு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கினாள்.

"இப்படித்தாங்க. மொதல்ல பலமா. அப்புறம் கொஞ்சம் அடங்கி. எறக்கத்துல வரும்போது திரும்பப் பலமா."

தானே குலுக்கிக் காட்டாமல் ஏன் தன் கையில் கொடுத்தாள் என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

மறுநாள் நோர்வூட்டில் முஹ்ஸின் பாஸின் கராஜ். முத்துலிங்கம் அவரை நானா என்பார், அவர் இவரை அண்ணே என்பார். இருவரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கிப் பல வருடமாயிற்று.

"வாங்கண்ணே. வண்டி என்ன பாட்டுப் பாடுது?"

மீனம்மா குலுக்கியதை அப்படியே ஒப்பித்தார். முஹ்ஸின் பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, மரப்பிடி போட்ட நீளமான திருப்புளியை எடுத்தார். முனையை எஞ்சினின் முன்மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு முத்துலிங்கத்துக்கு நேராக நின்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"டைமிங் செயின் அண்ணே. எஞ்சினுக்குள்ள கீழ பிஸ்டன் ஏறி எறங்குது, மேல வால்வு தெறந்து மூடுது. ரெண்டும் ஒரே தாளத்துல போகணும். ரெண்டையும் கட்டி வச்சிருக்கிறது அந்தச் செயின்தான். அது தொங்கிப்போச்சு. ஒரு பல்லுத் தாண்டுச்சோ, பிஸ்டன் போய் வால்வுல முட்டும். அதோட எஞ்சின் மௌத்து. ஒயில் எப்ப மாத்தினீங்க?"

முத்துலிங்கம் எதிர் மலையைப் பார்த்தார். ஸ்டோரில் ஒரு பெயாரிங்கைக்கூட எண்ணெய்க்கு ஏங்க விட்டதில்லை அவர். சொந்தக் காருக்கு மட்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றே காலம் ஓடியிருந்தது.

"அதான். இந்தாங்க, நீங்களே கேட்டுப் பாருங்க."

திருப்புளியை வாங்கிக் காதில் வைத்தார். நிதானமாகத் தலையாட்டினார். "ஆமாங்க நானா. நல்லாவே கேட்குது."

திருப்புளியின் முனை எஞ்சினைத் தொடவே இல்லை. அது அந்தரத்தில் நின்றது.

முஹ்ஸின் சிரிக்கவில்லை. அவருடைய கையைப் பிடித்து முனையை மூடியின் மேல் சரியாக ஊன்றி வைத்தார். "காதுல வேணாம் அண்ணே. பிடியப் பல்லால கடிங்க." புரியாமல் நின்றவருக்குத் தன் பல்லைக் காட்டிக் கடித்தும் காண்பித்தார். "எங்க வாப்பா லேத்து வேலை செஞ்ச மனுசன். கடைசிக் காலத்துல இப்படித்தான் கேட்டாரு."

முத்துலிங்கம் கடித்தார்.

தாடை வழியாக அது ஏறி வந்தது. கன்ன எலும்பில் பரவி, மண்டைக்குள் நிறைந்து, கண்ணில் தண்ணீர் வரவைத்தது. அதைக் கேட்பது என்பதா, தொடுவது என்பதா என்று வைத்தியர்கள் வேண்டுமானால் வாதாடட்டும். அவருக்குள் ஒரு எஞ்சின் முழுசாக ஓடியது. செயின் தன் மூடியின் உட்சுவரைச் சவுக்கால் அடிப்பதுபோல் அடித்தது. அதற்குக் கீழே வால்வுகளின் சின்னத் தட்டல், அதற்கும் கீழே பிஸ்டன்களின் கனமான மூச்சு. எத்தனையோ வருடமாக உலகம் வாயசைக்கும் ஊமைப்படமாகவே இருந்தது. இப்போது ஒரு இரும்புக் கம்பி அவரை உள்ளே கூட்டிப்போய்விட்டது. கையை உயர்த்தினார். டிரைவர் சீட்டில் ஏறியிருந்த முஹ்ஸின் அக்ஸிலேட்டரை மிதித்தார். இவர் கையைத் தாழ்த்தினார், அவர் விட்டார். இவர் மறுபடியும் உயர்த்தினார். ரோலர் அறையின் கைப்பேச்சு நோர்வூட் கராஜில் நடந்தது.

"மிதிச்சா அடங்குது," என்றார், பிடியை வாயிலிருந்து எடுத்து. "விட்டா அடிக்குது. மேல் பக்கம், இந்த ஓரத்துல என்னவோ ஒடைஞ்சிருக்கு நானா."

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து புதுச் செயின் பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்த பிறகு மூடியைக் கழற்றினார்கள். செயின் ஓடும் பிளாஸ்டிக் தடத்தின் மேல்நுனி ஒடிந்துதான் இருந்தது. முத்துலிங்கம் அதைப் பார்க்கவில்லை. பழைய செயினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒயிலில் கறுத்து, அவருடைய இரு உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தது. சைக்கிள் செயினைவிட மெலிசு. இதுவா? அத்தனை ஏற்றம், அத்தனை பள்ளம், மூன்று டீச்சர்கள், அவர்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள், எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது இதுவா? காரை ஓட்டுவது தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். இருட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் இது சுற்றியதால்தான் அவர் ஓட்ட முடிந்தது. இப்படி ஒன்றின் தயவில் போகிறோம் என்று தெரியாமலே அவர் போயிருக்கிறார்.

தெரியாமலே. அந்த இடத்தில் அவருக்குச் சுருக்கென்றது. டீச்சர்களும் அப்படித்தானே அவர் காதை நம்பிப் போகிறார்கள்?

கார் சரியானதும் பேசாமல் இருந்திருக்கலாம். முஹ்ஸின் வெளியே சொல்லும் ஆளில்லை. ஆனால் மறுநாள் காலை பஸாரில் மூன்று பேரும் ஏற வந்தபோது அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறுறதுக்கு முந்தி ஒன்னு கேட்டுக்குங்க டீச்சர். எனக்குக் காது கேட்காது. கொஞ்சமில்ல, நல்லாவே கேட்காது. வேற ஹயர் காரு பாக்குறதுன்னா பாத்துக்குங்க. நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார். லோஜினி அவர் முகத்துக்கு நேரே வந்தார்.

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"மொத வாரமே தெரியும். தோட்டத்துக்கே தெரியும். அதனாலதான் நாங்க மாத்தி மாத்தி முன்சீட்டுல உக்காந்து வாறோம். பின்னால ஹோர்ன் கேட்டா ஒருத்தி திரும்பிப் பாப்போம், ஒடனே நீங்களும் கண்ணாடியப் பாப்பீங்க, ஒதுங்குவீங்க."

"அப்ப பஸ்ஸுல போனது?"

"அது செயினுக்கு! காது கேட்காத மாமாவோட வரலாம். நிக்கப்போற காருல வரலாம். ரெண்டும் ஒன்னா வேணாம்னுதான்."

பின்னால் நின்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முத்துலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காம்பராவில் தாளித்தால் அடுத்த காம்பராவில் தும்மும் இடம் அது. அங்கே எந்த ரகசியமும் ஒரு பொழுது தங்கியதில்லை. அவருடையதை மட்டும் அத்தனை பேரும் சேர்ந்து, அவருக்கே தெரியாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். பெரிய கோயிலுக்குள் வந்தவர் போலத் தலையைக் குனிந்து காரில் ஏறினார்.

ஏற்றத்தின் முதல் வளைவில் பனி இறங்கியிருந்தது. ஹோர்ன் அடித்து நிறுத்தினார். வழக்கம்போலக் கழுத்தை நீட்டவில்லை. முன்சீட்டில் இருந்த லோஜினியின் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார்.

"வருதா?"

மூவரும் மூச்சைப் பிடித்தார்கள். லோஜினி கையை உயர்த்தினார். "வருது மாமா. பெருசு."

வெள்ளைப் பனிக்குள்ளிருந்து பஸ் ஒரு மலைபோல் புறப்பட்டு வந்து, ஜன்னலை உரசுகிற மாதிரிக் கடந்து, மறுபடியும் பனிக்குள் போனது. கார் அதிர்ந்து அடங்கியது. லோஜினி இன்னும் கொஞ்ச நேரம் கையை உயர்த்தியபடியே இருந்தார். பிறகு இறக்கினார்.

"போங்க மாமா."

அவர் போனார்.