புளியங்கொட்டை வரி

பினாங்கில் அமெரிக்க புராட்டஸ்டன்ட் மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் பள்ளி ஒன்றில் சவுந்தரம் சரித்திர ஆசிரியையாக இருந்தாள். கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த கணவன் ஆரோக்கியநாதன் மலேரியாவில் போய்ச் சேர்ந்துவிட்டான். குழந்தை இல்லை. “பதிதர் பள்ளிக்கூடத்து டீச்சர்” என்று மாதா கோயிலில் பெண்கள் சற்றுத் தள்ளியே உட்கார்ந்தார்கள். பள்ளியிலோ, ஜெபக் கூட்டத்துக்கு வராதவள் என்று மற்ற ஆசிரியைகள் ஒதுங்கினார்கள். வகுப்பறையில்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆறாம் வகுப்புக்கு அமெரிக்கச் சரித்திரம் உண்டு. இங்கிலாந்து ராஜா போட்ட வரியை எதிர்த்துத் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்தார்கள். 1927இல் சவுந்தரம் வேறு மாதிரி செய்து பார்த்தாள். மூன்று பேரை மேடையில் ராஜாவும் மந்திரிகளுமாக உட்கார வைத்தாள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கை புளியங்கொட்டை கொடுத்தாள். தண்ணீர் குடித்தால் ஒரு கொட்டை வரி, பென்சில் சீவினால் ஒன்று, ஜன்னலைத் திறந்தால் ஒன்று. வரி எவ்வளவு என்பதை மேடையில் இருப்பவர்கள் இஷ்டப்படி மாற்றலாம்.

முதலில் சிரிப்பாக இருந்தது. மேடைக்காரிகள் தும்மலுக்கும் வரி போட்டதும் வகுப்பு கொதித்தது. விடுதியில் இலவசமாகத் தங்கிப் படித்த வள்ளியம்மா எழுந்து நின்றாள். வகுப்பில் ஆங்கிலம்தான் பேச வேண்டும். கோபத்தில் அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது.

“நம்மகிட்ட கேக்காம அவங்களே வரி போட்டா எப்படி டீச்சர்? இந்த ஊர்ல மட்டும் யாரு நம்மகிட்ட கேட்டா?”

வராந்தாவில் கல்வி இலாகாவின் வெள்ளைக்கார அதிகாரி நின்றிருந்தார். கூட வந்த கிராணி அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னார். அதிகாரி நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்.

மாலையில் தலைமையாசிரியை மிஸ் ஹார்லன் சவுந்தரத்தைக் கூப்பிட்டார். அமெரிக்கப் பெண்மணி; பள்ளியோ பிரிட்டிஷ் இலாகாவின் மானியத்தில் நடந்தது.

“அந்தப் பெண்ணே கேட்டாளா, நீங்கள் சொல்லிக்கொடுத்ததா? அவளே கேட்டிருந்தால் விடுதியில் வைத்துக்கொள்ள முடியாது.”

வள்ளியம்மாவுக்குப் போக வேறு இடமில்லை என்பது சவுந்தரத்துக்குத் தெரியும்.

“நான்தான் சொல்லிக்கொடுத்தேன், மிஸ்.”

அடுத்த வாரம் சரித்திர வகுப்பு வேறொருவருக்குப் போனது. சவுந்தரத்துக்குத் தையல் வகுப்பு. காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று உத்தரவு.

ஒருநாள் வள்ளியம்மா தையல் அறை வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், நீங்களாதான் சரித்திரம் வேணாம்னு சொன்னீங்களாமே? நிஜமா?”

சவுந்தரம் ஊசியில் நூல் கோத்தபடி, “ஆமாம்மா. எனக்கு இதுதான் லேசா இருக்கு” என்றாள்.

அந்தப் பெண் நம்பிவிட்டாள். அதன்பின் வராந்தாவில் எதிர்ப்பட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். படிப்பு முடிந்து தைப்பிங் ஊருக்குப் போனபோது மிஸ் ஹார்லனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். சவுந்தரம் மாடி ஜன்னலிலிருந்து அவள் ரிக்‌ஷாவில் ஏறுவதைப் பார்த்தாள்.

சில வருஷங்கள் கழித்து, பாசாரில் மீன் வாங்கும்போது பழைய மாணவி ஒருத்தி எதிர்ப்பட்டாள். வள்ளியம்மா தைப்பிங்கில் டீச்சராகிவிட்டாளாம், சரித்திரம்தான் எடுக்கிறாளாம்.

“அப்படியா!” என்று சவுந்தரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அவசரம், போய்விட்டாள்.

அன்று சவுந்தரம் கெழுத்தி மீன் நிறையவே வாங்கிக் குழம்பு வைத்தாள். ஒரு ஆளுக்கு அது ரொம்ப அதிகம். மறுநாளும் அதையே சாப்பிட்டாள்.