கிளிப்பச்சைத் தொப்பி

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவரை அவமானப்படுத்தினாலும் ‘ங்க’ போட்டு மரியாதையாகத்தான் அவமானப்படுத்துவார்கள். என் நாத்தனாரும் அப்படித்தான் செய்தாள். அவள் குழந்தையைத் தொட்டிலில் போட்ட அன்று, தூக்கி விடலாம் என்று நான் கையை நீட்டினேன். தாய்மாமன் பெண்டாட்டி நான்தானே. வீடு நிறைய ஆட்கள். அவள் சிரித்த முகமாகச் சொன்னாள்: “அண்ணி, நீங்க வேண்டாமுங்க. புள்ள பெத்தவங்க யாராச்சும் தூக்கட்டுமுங்க.”

எனக்குக் குழந்தை இல்லை. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்தேன். என் வீட்டுக்காரர் பந்தியில் இலை போடுகிற சாக்கில் நழுவிவிட்டார். அன்றைக்கே தீர்மானித்தேன். “அண்ணி, குழந்தையைத் தூக்குங்க” என்று இவள் வாயாலேயே, இதே சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லவைக்க வேண்டும். அதுவரை எனக்குச் சோறு இறங்கினாலும் செரிக்காது.

மொட்டையும் காதுகுத்தும் வந்தது. குலதெய்வம் கோயிலில் குழந்தைக்கு மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவது வழக்கம். மொட்டை போட்டுக் குளிப்பாட்டியதும் மாமன் வீட்டுச் சீரில் வந்ததைத்தான் முதலில் போட வேண்டும். எவ்வளவு பெரிய ராங்கிக்காரியாக இருந்தாலும் சீரை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நாத்தனார் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் உத்தரவு அனுப்பினாள். பந்தல் துணி, பலூன், கவுன் எல்லாமே வெளிர் ஊதாவாம். “தொப்பி மட்டும் நானே கோயமுத்தூர்ல வாங்கிட்டனுங்க அண்ணி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிதான் எனக்கு வழி காட்டியது. மொட்டைத் தலையில் தொப்பி இல்லாமல் ஒரு போட்டோகூட எடுக்க மாட்டார்கள். சீர்த்தட்டில் நான் ஒரு தொப்பி வைத்தால், அதைப் போட்டுவிடக் குழந்தையை என் கையில் தந்துதானே ஆக வேண்டும்.

டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் உல்லன் நூல் கேட்டேன். என்ன கலர் வேண்டும் என்றார் கடைக்காரர். “ஊதாவுக்குச் சுத்தமாச் சேராத கலரு குடுங்க” என்றேன். கிளிப்பச்சையை எடுத்துப் போட்டார்.

எனக்குப் பின்னத் தெரியாது. செல்போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்துவைத்து வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். “நூலை லூசா விடுங்க, லூசா விடுங்க” என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். நானோ கருமத்தம்பட்டியில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்து, தறி ஓடுகிற வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். இழை தொய்ந்தால் துணி கெட்டது. தொய்வைக் கண்டால் என் கை தானாக இழுத்துவிடும். ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து இறுக்கினேன். அடுத்த வரிசைக்கு ஊசி நுழைய இடமில்லை. நாத்தனாரின் சிரித்த முகத்தை நினைத்துக்கொண்டு குத்தி நெம்பினேன், நுழைந்தது.

கண்ணி நழுவினால் கொக்கி போட்டு மேலே ஏற்ற வேண்டுமாம். எங்கள் வீட்டில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தறியை ஓட்டுவோம். நானும் நழுவிய இடத்தில் எல்லாம் முடிச்சுப் போட்டேன். தலையில் உறுத்தக் கூடாது என்று முடிச்சுகளை வெளிப்பக்கம் வைத்தேன். குழந்தைமேல் எனக்கென்ன கோபம்?

“ஏனம்மணி, பாவக்காயா பின்னறே?” என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவருக்கு ரசத்தோடு சாப்பாடு முடிந்தது.

பின்னி முடித்துப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தேன். சுருட்டை முடிக்கு மேல் உச்சியில் குந்திக்கொண்டது, கீழே இறங்கவே இல்லை. பிரித்துப் பின்னலாம் என்றால் முடிச்சுகள் விடவில்லை. மறுநாள் விசேஷம். ஒரு தொப்பி பின்னத் துப்பில்லை, பழிவாங்கக் கிளம்பினாளாக்கும் என்று என்னையே திட்டிக்கொண்டு அழுதேன். ஆனாலும் சீர்த்தட்டில் எல்லாவற்றுக்கும் மேலே அதைத்தான் வைத்தேன்.

கோயிலில் அதைப் பார்த்ததும் நாத்தனார் முகம் சுருங்கியது. “இது எதுக்குங்க அண்ணி?”

“மாமன் ஊட்டுச் சீருங்க அம்மணி. முதல்ல இதுதான் ஏறோணும்.”

“ஆமா கண்ணு, சீரை வேண்டாம்னு சொல்லக்கூடாது” என்றார் அவள் மாமியார். நான் குழந்தையிடம் போவதற்குள் நாத்தனார் தொப்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “நானே போட்டுக்கறனுங்க.” அப்போதும் என்னைத் தொட விடவில்லை. சந்தனம் பூசிய ஈரத் தலையில் தொப்பியை வைத்து அழுத்தினாள். முடி போனதில் தலை சிறுத்திருந்தது. தொப்பி பாதிக் காதுவரை இறங்கிக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது.

காது குத்தி முடிந்தது. ஊதாத் தொப்பியை மாற்றலாம் என்று நாத்தனார் வந்தாள். அதற்குள் சந்தனம் காய்ந்து உல்லனோடு ஒட்டியிருந்தது. இழுத்தால் தொப்பியோடு புதிதாகக் குத்திய காதும் சேர்ந்து இழுபட்டது, குழந்தை வீறிட்டது. அவள் புருஷன் முயன்றார். “காதைக் கிழிச்சுப்போடாதீங்க” என்று மாமியார் சத்தம் போட்டார். வெளிர் ஊதாப் பந்தலில், வெளிர் ஊதாக் கவுனில், முடிச்சு முடிச்சான கிளிப்பச்சைத் தொப்பியோடு எல்லாப் போட்டோவும் எடுத்தாயிற்று. எனக்கு வயிறு குளிர்ந்தது.

நான் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அழுகிற குழந்தையோடு நாத்தனார் வந்து நின்றாள். பின்னியவளையே கழட்டச் சொல் என்று மாமியார்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

“அண்ணி, இதைக் கொஞ்சம் கழட்டுங்க.”

பந்தி முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: “நான் தொடலாமுங்களா அம்மணி? நான் புள்ள பெத்தவ இல்லீங்களே.”

சாம்பார் வாளியோடு வந்தவர்கூட நின்றுவிட்டார். அவள் காது மடல் சிவந்தது.

“புள்ளையத் தூக்குங்க அண்ணி” என்றாள்.

கை கழுவிவிட்டு வந்து குழந்தையை மடியில் வாங்கினேன். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிச் சந்தனத்தை இளக்கினேன். சீக்கிரம் செய்திருக்கலாம், செய்யவில்லை. தொப்பி வந்ததும் குழந்தை விசும்பலை நிறுத்தி, என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனது.

நாத்தனார் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

“தூங்குதுங்க அம்மணி. எழுப்ப வேண்டாமுங்க” என்றேன்.

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் முந்தானையைச் சரிசெய்தாள்.